மசாஜ் கட்டிலுக்கு மல்லிகைச் சரம்

மாமனார் பேசாமல் இருந்தால்கூட விஜிதா தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் பேசிக்கொண்டே பேசாமல் இருப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"காப்பி ஆறுது. குடிக்கிறவுக குடிக்கலாம்" என்று அய்யாத்துரை வாசல் தூணைப் பார்த்துச் சொல்வார். "மோட்டார் ஓடுது. நிறுத்துதவுக நிறுத்தலாம்" என்று முருங்கை மரத்திடம் சொல்வார். போன அமாவாசைக்கு அந்தப் பார்சல் வந்ததிலிருந்து இதே கூத்துதான். தூணுக்கும் மரத்துக்கும் வாய் இருந்திருந்தால், ஐயா சாமி, எங்களை ஆளை விடுங்க என்று கும்பிட்டிருக்கும்.

பார்சலில் அப்படி ஒன்றும் குண்டு வந்துவிடவில்லை. சிரிக்கும் புத்தர் பொம்மை, பிளாஸ்டிக் மூங்கில், வாசனை மெழுகுவர்த்தி, நீலத் திரை. எல்லாம் விஜிதா தன் மசாஜ் அறைக்காக ஆன்லைனில் வரவழைத்தவை. ஆனால் அந்தப் பார்சல் வந்து இறங்கிய வீடு யாருடைய வீடு? சங்கரன்கோவிலில் காதுகுத்தோ கல்யாணமோ, அய்யாத்துரை பந்தல் போட்டால்தான் விசேஷம் விசேஷமாக இருக்கும் என்று பேரெடுத்த மனிதரின் வீடு. அவர் மகன் மாரிசெல்வம் மணமேடை அலங்காரத்தில் கடையநல்லூர் வரைக்கும் கொடி நாட்டியவன்.

இத்தனைக்கும் மருமகளுக்கு அறை வேண்டும் என்றதும், வாடகைச் சேரும் சமுக்காளமும் அடைந்து கிடந்த முன்பக்கக் குடோனை ஒழித்து, தன் கையால் வெள்ளையடித்துக் கொடுத்தவர் அவர்தான். மற்றதையும் தன்னிடம் கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. கூரியர்காரன் கேட்டான், கையெழுத்து.

"ஊருக்கெல்லாம் அலங்காரம் பண்ணுதவன் வீட்டுக்குக் கூரியர்ல அலங்காரம் வருதாம்லா" என்று அன்றைக்குத் தூணிடம் சொன்னவர்தான். அதன் பிறகு அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

விஜிதா வேண்டுமென்றே செய்யவில்லை. மதுரையில் அவள் வேலை பார்க்கும் சிகிச்சை நிலையத்தில் இப்படித்தான் இருக்கும். மசாஜ் அறை என்றால் இப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். இப்போது மன்னிப்புக் கேட்கலாம் என்றால், கிழவர் தூணைவிட்டு முகத்தைத் திருப்பினால்தானே!

இன்று சனிக்கிழமை. நாளையோடு அவளுடைய லீவு முடிகிறது.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு வாரத்தில் ஆறு நாள் மதுரை, ஒரு நாள் புருஷன். விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, சாப்பிட்டாச்சா, சாப்பிட்டேன் என்று போனில் குடும்பம் நடத்தி அலுத்துவிட்டது. இந்த அறை ஓடினால் ஊரோடு இருந்துவிடலாம். ஓடாது என்று தெரிந்தால் திங்கள் விடியற்காலை பழையபடி மதுரை பஸ். 'வாறேன், வரலை, ரெண்டுல ஒண்ணு இன்னைக்குள்ள சொல்லிருங்க' என்று மதுரையிலிருந்து மேனேஜர் வேறு சொல்லிவிட்டார்.

ஓடுமா ஓடாதா என்பது இன்றைக்கு வரப்போகும் ஒரே ஒருத்தியின் கையில் இருந்தது. கடையநல்லூர் சுபைதா பேகம். சுபைதா பேகம் நல்லா இருக்குன்னு சொன்ன துணிக்கடைக்குள் கால் வைக்க முடியாது. முகத்தைச் சுளித்த கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். 'பெண்களுக்கு மட்டும்' என்று எவ்வளவு பெரிதாகப் போர்டு எழுதி வைத்தாலும், மசாஜ் என்ற சொல்லைக் கேட்டதும் தெருவில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சுபைதா பேகம் மாதிரி ஒரு பெரிய மனுஷி பட்டப்பகலில் முன்வாசல் வழியாக வந்து, முன்வாசல் வழியாகவே சந்தோஷமாகத் திரும்பிப் போனால்தான் அந்த வாய்கள் அடங்கும். அவர் மகள் கல்யாணத்துக்கு மேடை போட்ட பழக்கத்தில் மாரிசெல்வம்தான் போய் அழைத்துவிட்டு வந்திருந்தான்.

விஜிதா விடிந்ததும் அறையைத் திறந்தாள். கட்டில் விரிப்பு கசங்கியிருந்தது. குப்புறப் படுப்பவர்கள் மூச்சு விடுவதற்காகத் தலைமாட்டில் ஓர் ஓட்டை உண்டு. அதைச் சுற்றி இருக்கும் முகத்திண்டு அமுங்கிக் கிடந்தது. அதில் ஒரு தேங்காய் நார் ஒட்டியிருந்தது.

"இவரு இங்கன வந்து உருண்டிருக்காரு பாரேன்" என்று புருஷனை நினைத்துச் சிரித்தபடி, நாரை ஊதிவிட்டு விரிப்பை நன்றாக இழுத்துத் தரை தொடத் தொங்கவிட்டாள்.

"ஏங்க, நான் செக்கு எண்ணெய் வாங்கிட்டு, கோயிலுக்கும் போயிட்டு வந்திருதேன். நீங்க தூசி மட்டும் தட்டி வையுங்க."

"நீ நிம்மதியா போயிட்டு வா விஜி" என்றான் மாரிசெல்வம். அந்தக் குரலில் தேவைக்கு அதிகமாகச் சந்தோஷம் இருந்ததை அவள் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே மல்லிகை வாசம் மூக்கைத் துளைத்தது. யார் வீட்டில் விசேஷமோ என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். விசேஷம் அவள் வீட்டில்தான்.

அறைக் கதவைத் திறந்தவள் எண்ணெய்த் தூக்குவாளியோடு அப்படியே நின்றாள்.

மசாஜ் கட்டிலின் நாலு மூலையிலும் கம்பு நட்டு, உச்சியிலிருந்து தரைவரை மல்லிகைச் சரம் திரையாகத் தொங்கியது. கட்டில் மேல் ரோஜா இதழில் பெரிய இதயம். சுவரெல்லாம் ரோஸ் கலர் சீரியல் பல்பு கண்ணடித்தது. ஓரத்து ஸ்டூலில் வெள்ளித் தம்ளரில் பாதாம் பால், தாம்பாளத்தில் ஆப்பிள், திராட்சை, ஊதுபத்தி குத்திய வாழைப்பழம். மூலையில் புத்தர் கழுத்தில் ரெட்டைச் சரம் மாலை. அவர் இன்னும் கொஞ்சம் பலமாகச் சிரிப்பதுபோல் இருந்தது.

நடுவில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மாரிசெல்வம். "எப்பிடி?"

"ஏங்க, இது என்னது?"

"அலங்காரம்."

"யாருக்கு?"

"சுபைதாம்மாவுக்குத்தான்."

"சுபைதாம்மாவுக்கு யாரு கூடங்க சாந்தி முகூர்த்தம்?"

மாரிசெல்வம் ஒருமுறை அறையைச் சுற்றிப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. நெற்றியில் அடித்துக்கொண்டு, "அட, சவத்த!" என்றான். "கை தானா ஓடிட்டு விஜி. ரூம் அலங்காரம்னு எவன் கூப்பிட்டாலும் இதுக்குத்தானே கூப்பிடுதான்? பூவ எடுத்தேன், கம்ப நட்டேன், கடேசில பாலக்கூட ஆத்தி வச்சிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ரெண்டும் ஒன்றாக வந்ததில் இருமல்தான் வெளியே வந்தது.

"ஒங்களுக்குக் கூறு இருக்கா? அந்தம்மா இதப் பாத்தா என்ன நெனைப்பாக? வாசல்லயே திரும்பிப் போயிருவாகளே!"

"திட்டு. நல்லாத் திட்டு" என்றான் அவன். ரோஜா முள் கிழித்த விரல்களை மறைத்துக்கொண்டான். "ஒன்ன மதுரை பஸ்ல ஏத்திவிட்டுட்டு வாரேன் பாரு, அந்தத் தெரு எனக்குப் பிடிக்கவே இல்ல விஜி. எப்பிடியாவது இது நல்லா நடந்திரணும்னு விடியுமுன்னயே பூ மார்க்கெட்டுக்குப் போய் நின்னேன். என்னால முடிஞ்சது பூதானே."

அவளுக்கு அதற்கு மேல் திட்ட மனசு வரவில்லை. அந்தக் கிழிந்த விரலைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினாள். அந்நேரம் பார்த்து வாசலில் கார் ஹாரன் அடித்தது.

மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்த சுபைதா பேகம், அக்கா மகன் காரில் இந்தப் பக்கம் வருகிறான் என்று காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்.

"அல்லாவே, இறங்கக்கூட முடியல. கழுத்து ஒரு பக்கமும் திரும்ப மாட்டங்கு. எங்க அந்தப் பிள்ளை?"

தெரு ஓரம் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த அய்யாத்துரை எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. போச்சு, இவர் தூணிடம் சொல்லியே திருப்பி அனுப்பிவிடுவார் என்று விஜிதா நினைத்தாள்.

"வாங்க வாங்க! பைய வாங்க. இந்தச் சேர்ல உக்காருங்க. அது ஆடும், இதுல உக்காருங்க. ஃபேனு போடட்டா?" மாமனாரின் குரல் மைக் செட் போட்டதுபோல் முழங்கியது. "உள்ள துடைச்சிக்கிட்டு இருக்காவ. தரை ஈரம். வழுக்கிரும். ஆமா, புளியங்குடியில எலுமிச்சம்பழம் என்ன வெலை போவுது?"

"எனக்கு எப்பிடி அண்ணாச்சி தெரியும்? நான் கடையநல்லூர்லா?"

"வழியிலதானே இருக்கு! எறங்கிக் கேட்டிருக்கலாம்லா?"

இரண்டு வார்த்தைக்கு மேல் யாரிடமும் பேசாத மனிதர் எலுமிச்சையிலிருந்து மழைக்குப் போனார், மழையிலிருந்து சுபைதா பேகம் மகளின் கல்யாணப் பந்தலுக்குப் போனார். உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் கம்பைப் பிடுங்கி, போர்வையில் பூவை அள்ளி அள்ளிப் பின் சன்னல் வழியாகத் தள்ளினார்கள். சீரியல் பல்பு வயர் மாரிசெல்வத்தின் காலைச் சுற்றிக்கொண்டு, அவனும் சன்னல் வழியாகவே வெளியேற வேண்டியதாயிற்று. புத்தரின் மாலையை உருவி அவன் தலையிலேயே எறிந்துவிட்டு விஜிதா கதவைத் திறந்தாள்.

சுபைதா பேகம் உள்ளே வந்தார். கழுத்து திரும்பாததால் முழு உடம்பையும் திருப்பி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வாசம் தூக்கலா இருக்கே."

"பூ மார்க்கெட் பக்கத்துலதானேம்மா" என்று விஜிதா வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

அவர் கண் ஸ்டூலில் போய் நின்றது. வெள்ளித் தம்ளரையும் பழத் தாம்பாளத்தையும் எடுக்க மறந்திருந்தார்கள்.

"பால் யாருக்கு?"

"ஒங்களுக்குத்தாம்மா."

"மாஷா அல்லா! வைத்தியத்துக்கு வந்தவளுக்குப் பாலும் பழமும் வைக்கிற எடத்த இப்பத்தான் பாக்குதேன்." ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தார். சன்னலுக்கு வெளியே யாரோ புரையேறி இருமினார்கள்.

விஜிதாவுக்கு உயிர் வந்தது. ஆனால் வந்த உயிர் நிலைக்கவில்லை. சுபைதா பேகம் உட்காராமல் புத்தரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு யாரு?"

"சும்மா பொம்மைம்மா. பாத்தா மனசுக்கு அமைதியா இருக்கும்."

"எனக்கு அமைதியா இல்லட்டி. அது வயித்துக்குள்ள கேமரா இருந்தா? எம் மவன் சவூதியிலேர்ந்து வீடியோவா அனுப்புதான். கடிகாரத்துக்குள்ள வைக்கான், பூந்தொட்டிக்குள்ள வைக்கான். நான் எத நம்பி இந்தப் பர்தாவைக் கழத்துவேன் சொல்லு?"

அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. ஊரையே அதட்டும் மனுஷி பர்தாவின் பொத்தானைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் விஜிதாவுக்குப் பாவமாகிவிட்டது. எத்தனை நாள் யோசித்து வாங்கிய பொம்மை! ஒரு வார்த்தை பேசாமல் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தாள். பிறகு மூங்கில் போயிற்று. கடிகாரம் போயிற்று. மெழுகுவர்த்தித் தண்டு, நீலத் திரை, சுவர்ப் படம், எல்லாம் போயிற்று. வெளியே அய்யாத்துரை ஒவ்வொன்றாக வாங்கி, தூசி தட்டி, பிளாஸ்டிக் சேரில் பத்திரமாக உட்கார்த்தி வைத்தார். அவர் முகத்தில் ஒரு பொட்டுக் கிண்டல் இல்லை.

கடைசியில் நாலு வெள்ளைச் சுவரும் ஒரு கட்டிலும் மிஞ்சின. புருஷன் செய்ததும் போச்சு, தான் வாங்கியதும் போச்சு. இந்த மொட்டை அறையில் யாருக்குப் படுக்கத் தோன்றும்? விஜிதாவுக்குத் திங்கட்கிழமை பஸ்ஸின் படிக்கட்டு கண்ணுக்குத் தெரிந்தது.

"சாவிய எங்கிட்ட குடு" என்றார் சுபைதா பேகம்.

கொடுத்தாள். அவரே சன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பர்தாவைக் கழற்றி, பிஸ்மில்லா சொல்லிக் கட்டிலில் ஏறினார்.

"குப்புறவா படுக்கணும்? கைப்பிள்ளையில குப்புற விழுந்தது, அதோட சரி."

படுத்தார். ஆனால் உடம்பு படுக்கவில்லை. விஜிதா தோளில் கை வைத்தபோது பலகையைத் தொட்டதுபோல் இருந்தது. சாவியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. இந்த உடம்பு இப்படியே இருந்தால் எந்தக் கையும் ஒன்றும் செய்ய முடியாது என்று அவளுக்குத் தெரியும். எண்ணெயைச் சூடு பார்ப்பதுபோல் கொஞ்சம் நேரம் கடத்தினாள்.

பிறகு தோளைத் தொட்டாள். இறுக்கம் குறைந்திருந்தது. அவள் இன்னும் அழுத்தவே ஆரம்பிக்கவில்லை.

"ஏட்டி" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"என்னம்மா, வலிக்கா?"

"இல்ல. ஒரு பூவு மட்டும் சுத்திச் சுத்தி வருது. மத்ததெல்லாம் ஓரமா ஒதுங்கிட்டு. அத எப்பிடி செஞ்சே?"

"எந்தப் பூவு?"

"என்ன, எந்தப் பூவுன்னா கேக்கே? எம் மூஞ்சிக்கு நேரே கீழ வச்சிருக்கியே, அது."

விஜிதா குனிந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள்.

முகம் வைக்கிற ஓட்டைக்கு நேர் கீழே, தரையில், ஒரு பித்தளை உருளி இருந்தது. கல்யாண மண்டப வாசலில் வைக்கிற, ஒரு பக்கம் நெளிந்த, வீட்டு உருளி. நிறைய தண்ணீர். தண்ணீரில் நந்தியாவட்டை. மூச்சுக்கு இடைஞ்சல் பண்ணாத, வாசமே இல்லாத வெள்ளைப் பூ.

"குப்புறப் படுத்தா வெறுந்தரையப் பாத்துக்கிட்டு கெடக்கணும்னு நெனச்சேன்" என்றார் சுபைதா பேகம். குரல் தளர்ந்து, தூக்கத்தில் பேசுவதுபோல் ஆகிவிட்டது. "நமக்குன்னு ஒருத்தி தரையில குனிஞ்சு இத வச்சிருக்காளே. போதும் பிள்ளை. நீ உன் சோலியப் பாரு."

விஜிதா சோலியைப் பார்த்தாள். கை தன்பாட்டில் கழுத்து நரம்பைத் தேடிப் போனது, மனசு வேறெங்கோ போனது. மதுரையில் எத்தனை பெண்களைக் குப்புறப் படுக்க வைத்திருக்கிறாள்! அவர்கள் கண் எதைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. இந்தக் கட்டிலிலேயே அவள் ஒருதடவை படுத்துப் பார்த்ததில்லை. மாரிசெல்வமும் படுத்ததில்லை, படுத்திருந்தால் மேலே பூவைத் தொங்கவிட்டிருக்க மாட்டான். படுத்துப் பார்த்தவர் யாரோ, அவருக்குத்தான் இது தெரியும்.

தேங்காய் நார். பந்தல் கட்டுகிற கயிற்று நார்.

அவளுக்குக் கண் நிறைந்து ஒரு சொட்டு விழப் பார்த்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

சாவி எப்போது கீழே விழுந்தது என்று இருவரும் கவனிக்கவில்லை.

முடித்து எழுந்ததும் சுபைதா பேகம் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பொம்மைய மட்டும் திருப்பி உள்ள கொண்டாந்திராத" என்றார். வாசலில் அய்யாத்துரையிடம், "அடுத்த தடவை எலுமிச்சம்பழ வெலை கேட்டுட்டு வாரேன்" என்றார். பிறகு விஜிதாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் ஒருத்தியக் கூட்டிட்டு வாரேன். எந் தங்கச்சி மவ, ஜன்னத்துல் பிர்தௌஸ். அவ யாருகிட்டயும் பேச மாட்டா. நீயும் ஒண்ணும் கேக்காத. அந்தப் பூவ மட்டும் வச்சிரு."

காரில் ஏறி உட்கார்ந்தவர், என்னவோ நினைவு வந்ததுபோல் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். கழுத்தை மட்டும் திருப்பினார். திருப்பினோம் என்பது அவருக்கே தெரியவில்லை. எதிர்வீட்டு வாசலில் நின்ற இரண்டு பெண்களுக்குத் தெரிந்தது.

விஜிதா கையைக் கழுவப் பின்பக்கம் போனாள். குழாயடி நந்தியாவட்டைச் செடி பூவே இல்லாமல் மொட்டையாக நின்றது. மாரிசெல்வம் மல்லிகைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல், நீளமாக ஒரு சரத்தைக் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டான்.

அவள் மாமனாரைத் தேடினாள். தெருவில் இல்லை. தூணடியில் இல்லை. அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

அய்யாத்துரை மசாஜ் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

"வெளிய போர்டப் பாக்கலியா மாமா? பெண்களுக்கு மட்டும்."

"பந்தல்காரனுக்குப் போர்டு கெடையாது. மணப்பொண்ணு ரூமுக்கே சாவி எங்கிட்டதான் இருக்கும்" என்றது உருளி.

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. சட்டைக்கு மேலேயே தோளில் கை வைத்து அழுத்தினாள். கம்பும் கயிறும் சுமந்து இறுகிப்போன தோள். இந்தத் தோள் வலிக்கும் என்று தனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

"ஒங்ககிட்டக் கேக்காம அதெல்லாம் வாங்கினது தப்புதான் மாமா."

மூச்சு மட்டும் தண்ணீரில் பட்டுத் திரும்பியது.

"மதுரைக்குச் சொல்லிட்டியா மக்கா, வரலைன்னு?"

தூணிடம் இல்லை, மரத்திடம் இல்லை. அவளிடம் கேட்டார்.

"இன்னும் இல்ல மாமா."

"ஏன்? அதான் அந்தம்மா சந்தோசமாப் போயிட்டாவல்லா?"

"நீங்க எங்கிட்டப் பேசட்டும்னு இருந்தேன். பேசாத வீட்டுல எப்பிடி இருக்கிறது?"

பிறகு கீழேயிருந்து கரகரத்த குரல் வந்தது.

"அதான் பேசிட்டேன்லா. போனைப் போடு."

ஒரு கையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு அவள் போனைப் போட்டாள். 'நான் வரலை சார், ஊரோட இருந்துக்கிடுதேன்' என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. மேனேஜர் என்னவோ சொன்னார். அவள் காதில் ஏறவில்லை. வெளியே மாரிசெல்வம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்திருப்பான்போல; யாரோ பிளாஸ்டிக் சேரில் இடித்துக்கொண்ட சத்தமும், புத்தர் உருளும் சத்தமும் கேட்டன.

"வெள்ளிக்கிழமை நல்ல பூவாப் பறிச்சு வைக்கணும் மாமா" என்றாள் விஜிதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி. "சுபைதாம்மா ஒரு பிள்ளையக் கூட்டிட்டு வாராகளாம். ஜன்னத்துல் பிர்தௌஸ்னு பேரு."

அவள் கைக்கு அடியில், இப்போதுதான் இளகியிருந்த அந்தத் தோள் மறுபடியும் கல்லாயிற்று.

"ஒங்களுக்குத் தெரியுமா அவள?"

"அந்தப் பிள்ளை கல்யாணத்துக்குப் பந்தல் போட்டது நான்தான்" என்றார் அய்யாத்துரை. உருளியில் ஒரு பூ சுற்றிக்கொண்டே இருந்தது. "பிரிச்சதும் நான்தான் மக்கா. அன்னைக்கே. மாப்பிள்ளை வாரதுக்கு முன்னயே கல்யாணம் நின்னு போச்சு."